பிரிண்ட் வருது, ஸ்கேன் வரல: ஏற்காட்டு ஜெராக்ஸ் கடையில் ஒரு நாள்

"பிரிண்ட் நல்லா வருதுங்க தம்பி. ஸ்கேன் மட்டும் வரமாட்டேங்குது."

மே மாதம் ஒரு காலையில் ஏற்காட்டிலிருந்து வந்த போன் இது. பேசியவர் ஒண்டிக்கடைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. நான் சேலம் அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன். மலை மேல் எனக்கு நான்கைந்து வாடிக்கையாளர்கள் உண்டு, அவர்களில் அவரும் ஒருவர். இதே வரியை வருடத்துக்கு இருபது முறையாவது கேட்கிறேன். இருந்தும் இந்த முறை இரண்டு இடத்தில் தப்பு செய்தேன். அதனால்தான் முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கடையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, விண்டோஸ் 7, அதுவும் 32 பிட் என்ற பழைய வகை. அதில் இரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று ஆறு வருடம் முன்பு வாங்கிய இங்க் டேங்க் ஆல்-இன்-ஒன், பிரிண்டும் ஸ்கேனும் ஒரே பெட்டியில். இன்னொன்று அவர் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த காலத்துத் தட்டை ஸ்கேனர், கனமான பெட்டி, கண்ணாடி மட்டும் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கும். ஏப்ரல் கடைசியில் அக்கா புது கம்ப்யூட்டர் வாங்கினார், விண்டோஸ் 11. விற்ற கடையின் பையன் மேலே வந்து யுஎஸ்பி கேபிளைச் சொருகினான். ஒரே நிமிடத்தில் ஆல்-இன்-ஒன்னின் பெயர் திரையில் வந்தது. டெஸ்ட் பேஜ் அடித்துக் காட்டினான், டீ குடித்தான், பஸ் பிடித்து இறங்கிவிட்டான். ஸ்கேன் வருகிறதா என்று அவனும் பார்க்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

மே, ஜூன் மாதங்களில் அந்தக் கடைக்குச் சோறு போடுவது பிரிண்ட் இல்லை, ஸ்கேன்தான். பள்ளி, கல்லூரி சேர்க்கை நேரம். நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாதிச் சான்று, வருமானச் சான்று, மார்க் ஷீட் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பத்து நாளாக அக்கா அவற்றை மொபைலில் போட்டோ எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஓரம் சாய்ந்து, விரல் நிழல் விழுந்து, பாதி விண்ணப்பம் திரும்பி வந்தது.

என் முதல் தப்பு போனிலேயே நடந்துவிட்டது. "கேபிளை மாத்திப் பாருங்கக்கா" என்றேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் யுஎஸ்பி முனை பச்சை பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. கடைப் பையன் போய் 180 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி வந்தான். ஒன்றும் மாறவில்லை. எப்படி மாறும்? பிரிண்ட் ஒழுங்காக வருகிறது என்றாலே அந்தக் கேபிளில் தகவல் போய்வருகிறது என்றுதானே அர்த்தம்.

மறுநாள் நேரிலேயே கிளம்பினேன். கிளம்பும் அவசரத்தில் இரண்டாவது தப்பு. மெஷின் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று முப்பது எம்பி சொச்சம், மற்றது முந்நூறைத் தாண்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சின்னதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். அது பிரிண்டர் டிரைவர் மட்டும், அதாவது பிரிண்ட் பாகத்தோடு பேச விண்டோஸுக்கு உதவும் புரோகிராம், ஸ்கேனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதன் பெயரிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை நான் அதைக் கவனிக்கவில்லை.

மேலே போய் அதை ஓட்டினேன். பிரிண்டர் பட்டியலில் அதே மெஷின் இன்னொரு முறை முளைத்தது, பெயருக்குப் பின்னால் "காப்பி 1" என்று. ஸ்கேன் கல் மாதிரி அப்படியே கிடந்தது. சரி, இனிமேலாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன், கம்ப்யூட்டரோடு சேர்ந்த சாதனங்களையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் ஜன்னல் அது.

கதை மொத்தமும் அந்த ஒரு ஜன்னலில் இருந்தது. பிரிண்டர் வரிசையில் மெஷின் இருக்கிறது. ஸ்கேனர்கள் வந்து உட்கார வேண்டிய "இமேஜிங் டிவைசஸ்" என்ற தலைப்பே இல்லை. "அதர் டிவைசஸ்" என்ற இடத்தில் அதே மெஷினின் பெயர், பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. இரட்டைக் கிளிக் செய்தால் கோட் 28, அதாவது இந்தச் சாதனத்துக்கு டிரைவர் போடப்படவில்லை. டீடெயில்ஸ் பக்கம் போய் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தேன். அதில் முதலில் வரும் நான்கு இலக்கம் எந்தக் கம்பெனி என்று சொல்லும். கேனனுக்கு 04ஏ9, எப்சனுக்கு 04பி8, எச்பிக்கு 03எஃப்0 என்பது போல. அடுத்த நான்கு எந்த மாடல் என்று சொல்லும். கடைசியில் ஒரு குட்டி எண் வரும், அந்த மெஷினுக்குள் எந்தப் பாகம் என்பது அது. மஞ்சள் முக்கோணத்துக்கு 00, வேலை செய்யும் பிரிண்டருக்கு 01.

வாங்கியவருக்கு ஆல்-இன்-ஒன் ஒரே பெட்டி. கம்ப்யூட்டருக்கு அது ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு மூன்று தனித்தனி சாதனங்கள். யுஎஸ்பி விதிப்படி ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. கீபோர்டு, மவுஸுக்கு 3, பிரிண்டருக்கு 7, பென் டிரைவுக்கு 8. பிரிண்டர் பாகம் "நான் 7" என்று சொன்னதும் விண்டோஸ் தன் கையில் இருக்கும் பொது டிரைவரால் கதவைத் திறந்துவிடும், மீதியை நெட்டிலிருந்து தானாகவே இறக்கிக்கொள்ளும். ஸ்கேனர் பாகம் பெரும்பாலான மெஷின்களில் 255 என்று சொல்லும். 255 என்றால் "எனக்குப் பொது வழக்கம் கிடையாது, எங்கள் கம்பெனி வழக்கம்தான்" என்று பொருள். கம்பெனி எழுதிய டிரைவர் உள்ளே வராதவரை விண்டோஸ் அதைத் தொடாது. டெஸ்ட் பேஜ் ஒரு நிமிடத்தில் வந்ததும் ஸ்கேன் பத்து நாளாக வராததும் ஒரே காரணத்தால்தான். இப்போது வரும் புது மாடல்கள் பலவற்றில் டிரைவரே இல்லாமல் பிரிண்டும் ஸ்கேனும் செய்யும் பொது முறைகள் உள்ளேயே இருக்கின்றன. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், கம்பெனிகளின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாகவும் அறிவித்தது. அக்காவின் மெஷின் அதற்கெல்லாம் முந்திய தலைமுறை.

"டிரைவர் இல்லைக்கா, அதான் பிரச்சினை" என்றேன். பேத்தியின் சான்றிதழோடு பெஞ்சில் காத்திருந்த நாகலூர்ப் பாட்டி திடுக்கிட்டு, "எந்த பஸ்ஸுக்குப்பா?" என்றது. அப்புறம் ஐந்து நிமிடம் வேலை ஓடவில்லை.

சிரித்து முடித்துப் பார்த்தால் டாஸ்க்பாரில் எனக்குத் தெரியாத ஓர் ஐகான். பையனைக் கேட்டேன். "ஸ்கேனர் டிரைவர்னு தேடுனேண்ணா, மொதல்ல வந்ததப் போட்டேன்." முதலில் வந்தது விளம்பரம். டிரைவர்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு புரோகிராம். உங்கள் கம்ப்யூட்டரில் 23 டிரைவர் பழசு என்று சிவப்பில் பயமுறுத்திப் பணம் கேட்டுக்கொண்டிருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கம்ப்யூட்டர். இந்த வகைப் புரோகிராம்களை நான் எந்தக் கடையில் பார்த்தாலும் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவேன், இதையும் எடுத்தேன். டிரைவரைத் தேட வேண்டிய இடம் மெஷின் கம்பெனியின் சொந்தத் தளம் ஒன்றுதான். அதிலும் சில சமயம் வீடு மாறியிருக்கும். சாம்சங் தன் பிரிண்டர் தொழிலை எச்பிக்கு விற்று, 2017 நவம்பரில் கைமாற்றம் முடிந்தது. அதனால் சாம்சங் என்று முகப்பில் எழுதியிருக்கும் பழைய மெஷினுக்கு டிரைவர் எச்பி தளத்தில்தான் கிடைக்கும். இது தெரியாமல் விளம்பரத் தளங்களில் போய் மாட்டியவர்களை அஸ்தம்பட்டியிலேயே நிறையப் பார்த்தாயிற்று.

அடுத்து, அரைகுறையாக உள்ளே போனதை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேலே மேலே போடுவதால்தான் பாதிப் பிரச்சினை. கேபிளைப் பிடுங்கினேன். இரண்டு பிரிண்டரையும் பட்டியலிலிருந்து நீக்கினேன். ஆனால் பட்டியலிலிருந்து நீக்கினால் பெயர்தான் போகும், டிரைவர் உள்ளேயே கிடக்கும். மறுபடி கேபிளைச் சொருகியதும் அதே அரைகுறை டிரைவரையே விண்டோஸ் எடுத்து மாட்டிவிடும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் ஜன்னலில் டிரைவர்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே போய் டிரைவரையும் அதன் பேக்கேஜையும் சேர்த்து நீக்கு என்று சொல்ல வேண்டும். முதல் தடவை "பயன்பாட்டில் இருக்கிறது" என்று முறைத்தது. பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டதும் வழிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் முக்கோணத்தையும் நீக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தேன்.

இப்போது முந்நூறு எம்பி வேண்டும். கடையின் நெட் அன்றைக்கு நத்தை. என் மொபைலுக்கு கவுண்டரில் ஒரு கோடு சிக்னல், ஜன்னல் திண்டில் வைத்தால் மூன்று. அங்கேயே வைத்து ஹாட்ஸ்பாட் போட்டேன். இறங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் மலைக்கே உரிய இடியோடு கோடை மழை, கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் ஆல்-இன்-ஒன்னும் யுபிஎஸ்ஸில் இருந்தன, நெட் மொபைலில் இருந்தது, அதனால் டவுன்லோடு அறுபடவில்லை. கடை நெட்டிலேயே போட்டிருந்தால் ரவுட்டரோடு சேர்ந்து அதுவும் போயிருக்கும்.

முழுப் பேக்கேஜை ஓட்டும்போது கேபிள் வெளியிலேயே கிடக்க வேண்டும். புரோகிராம் தன் கோப்புகளையெல்லாம் வைத்துவிட்டு, "இப்போது இணைக்கவும்" என்று படம் காட்டும், அப்போதுதான் சொருக வேண்டும். யுஎஸ்பி மெஷின்களோடு வரும் மடக்குத் தாளில் முதல் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். அந்தத் தாளை யார் பிரிக்கிறார்கள்? சொருகினேன். டொய்ங் என்று ஒரு சத்தம், அடுத்து இன்னொரு டொய்ங். இமேஜிங் டிவைசஸ் என்ற தலைப்பு வந்தது, அதற்குள் ஸ்கேனரின் பெயர், மஞ்சள் இல்லாமல்.

பாட்டியின் காகிதத்தைக் கண்ணாடியில் வைத்து ஸ்கேன் அழுத்தினால் மறுபடியும் பிழை! டிரைவர் சரியாக இருக்கிறது, சாதனம் தெரிகிறது, ஆனால் ஸ்கேன் தொடங்கவில்லை. சர்வீசஸ் பட்டியலைத் திறந்தால் விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன் என்ற சர்வீஸ் முடக்கப்பட்டிருந்தது. விண்டோஸில் ஸ்கேனர் பெரும்பாலும் பேசுவது அதன் வழியாகத்தான். புதுக் கம்ப்யூட்டரில் அதை யார் முடக்கினார்கள்? பையன் போட்ட புரோகிராமில் "வேகப்படுத்து" என்று ஒரு பட்டன் இருந்தது, அதை அழுத்தியதாக அவனே சொன்னான். அதன் வேலைதான் என்று சத்தியம் செய்ய முடியாது, என் சந்தேகம் அதன் மேல்தான். ஆட்டோமேட்டிக் என்று மாற்றி ஓடவிட்டேன். விளக்கு நகர்ந்தது. சான்றிதழ் திரையில் வந்தது, முத்திரையின் ஊதா மை வரைக்கும்.

பார்த்தால் அந்தக் கோப்பு ராட்சத அளவு. பழைய கம்ப்யூட்டரிலும் எல்லாவற்றையும் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) கலரில்தான் எடுப்பாராம், "தெளிவா இருக்கட்டும்னுதான் தம்பி." கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏ4 தாளை 600 டிபிஐயில் எடுத்தால் 4,960 க்கு 7,016 புள்ளி, கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி. கலருக்குப் புள்ளிக்கு மூன்று பைட், ஆக சுருக்குவதற்கு முன்னால் நூறு எம்பிக்கு மேல். அதைத்தான் 200 கேபிக்குள் கேட்கும் தளத்தில் ஏற்றப் பார்த்து, இன்னொரு தளத்தில் போய்ச் சுருக்கி, எழுத்து மசங்கி, திரும்ப எடுத்து என்று அல்லாடியிருக்கிறார். 200 டிபிஐ கிரேயில் எடுத்தால் புள்ளிகள் நாற்பது லட்சத்துக்குள் அடங்கிவிடும், சான்றிதழைத் தாராளமாக வாசிக்கலாம். அதையே ஸ்கேன் புரோகிராமில் ஒரு செட்டிங்காகச் சேமித்து, "சான்றிதழ்" என்று பெயர் வைத்தேன். போட்டோவுக்கு மட்டும் 300 கலர் என்று இன்னொன்று. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் செய்ததில் அக்காவுக்கு அதிகம் பயன்பட்டது இந்த இரண்டு நிமிட வேலைதான்.

கரண்ட் வந்தது. வந்ததும் அடுத்த மேஜையில் இருந்த லேப்டாப்பில், அது வைஃபை வழியாக அதே மெஷினில் பிரிண்ட் எடுப்பது, மெஷின் "ஆஃப்லைன்" என்று காட்டியது. "இது தெனமும் இப்படித்தான் தம்பி, கரண்ட் போய் வந்தா செத்துரும். அழிச்சிட்டுத் திரும்பச் சேர்ப்போம்." இதற்கு டிரைவர் காரணமில்லை. கரண்ட் போய் வந்தால் பல ரவுட்டர்கள் எல்லோருக்கும் புதிதாக முகவரி பிரித்துக் கொடுத்துவிடும். நேற்று 192.168.1.4 ஆக இருந்த பிரிண்டர் இன்றைக்கு 7. லேப்டாப் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டருக்குள் போய் அந்த மெஷினின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள மாறாத அடையாள எண்) 192.168.1.50 என்று நிரந்தரமாக எழுதி வைத்தேன். லேப்டாப்பில் பிரிண்டரைத் தானாகத் தேடிப் பிடிக்க விண்டோஸ் போட்டிருந்த டபிள்யூஎஸ்டி போர்ட்டை விட்டுவிட்டு, நேராக அந்த முகவரிக்கே போகும் ஒரு டிசிபி/ஐபி போர்ட் போட்டேன். ஸ்கேனை வைஃபையில் வைக்க வேண்டாம், கேபிளிலேயே இருக்கட்டும் என்று முடிவு. வைஃபை ஸ்கேன் நடக்காது என்பதில்லை. சேர்க்கை சீசனில் தினம் நூறு தாள் எடுக்கும் கடைக்கு அறுந்து போக வாய்ப்புள்ள வழி எதற்கு?

மிச்சம் இருந்தது அந்தப் பழைய தட்டை ஸ்கேனர். அக்காவின் ஆசை உண்மையில் அதன் மேல்தான், பழைய கல்யாண போட்டோக்களை அதில்தான் எடுப்பார். சொல்ல வருத்தமாக இருந்தது, ஆனால் அதற்குப் புதுக் கம்ப்யூட்டரில் வழி இல்லை. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். இந்த ஸ்கேனருக்குக் கம்பெனி 32 பிட் டிரைவரோடு நிறுத்திக்கொண்டது. ஸ்கேனரும் புரோகிராமும் பேசிக்கொள்ளும் ட்வெயின் முறை 1992-ல் வந்தது, அது இன்னமும் உயிரோடு இருக்கிறது. 32 பிட் ட்வெயின் பாகத்தை 64 பிட் விண்டோஸிலும் ஒரு 32 பிட் புரோகிராம் வைத்து எழுப்பிவிடலாம். ஆனால் அதற்கு அடியில் யுஎஸ்பியோடு பேசும் டிரைவர் 64 பிட்டாகவே இருக்க வேண்டும், யார் எழுதியது என்று விண்டோஸ் சரிபார்க்கும்படி டிஜிட்டல் கையெழுத்திடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பையன் யூட்யூபில் ஒன்று பார்த்து வைத்திருந்தான், டிரைவர் கையெழுத்துச் சோதனையை அணைத்துவிட்டு யாரோ திருத்திய டிரைவரைப் போடும் வழி. வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். ஊராரின் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் போய்வரும் கம்ப்யூட்டர் அது.

வழி இரண்டு சொன்னேன். வூஸ்கேன் என்று காசு கொடுத்து வாங்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறது, பழைய ஸ்கேனர்கள் ஏராளமானவற்றுக்கு அவர்களே டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் லினக்ஸ், அதில் சேன் என்ற தொகுப்பு இந்த மாதிரிப் பழைய பெட்டிகளை நன்றாக அடையாளம் காணும். என்னிடம் இருந்த லினக்ஸ் பென் டிரைவால் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். எந்த டிரைவரும் போடாமலேயே ஸ்கேன் எடுத்தது, பையன் வாயைப் பிளந்தான். அக்கா மட்டும் அசையவில்லை. "நமக்குப் பழகுனதே இருக்கட்டும் தம்பி" என்று விண்டோஸ் 7-ஐயே வைத்துக்கொண்டார். அதற்கு 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது. லேன் கேபிளைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன், இருந்தால் யாராவது சொருகிவிடுவார்கள். போட்டோ எடுத்து பென் டிரைவில் கொண்டுவந்தால் போதும்.

கிளம்பும் முன் ஓர் அட்டையில் மெஷினின் முழு மாடல் பெயர், முந்நூறு எம்பி கோப்பின் பெயர், ரவுட்டருக்குள் போகும் வழி, அந்த 50 என்ற எண், எல்லாவற்றையும் அக்காவின் கையாலேயே எழுதச் சொன்னேன். என் கையெழுத்து எனக்கே புரியாது. கோப்பைப் பென் டிரைவில் போட்டு, அட்டையோடு சேர்த்து மேஜை டிராயரில் ஒட்டினார். கூலி போக ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். கேபிள் காசு 180-ஐ நான் கழித்துக்கொண்டேன், அது என்னால் போன காசு.

சரியாகாமல் விட்டது ஒன்று உண்டு. மேலே தாள் அடுக்கி எடுக்கும் ஃபீடரில், கம்பெனி புரோகிராமில் பத்துப் பக்கமும் ஒரே கோப்பாக வருகிறது. விண்டோஸின் சொந்த ஸ்கேன் ஆப்பில் எடுத்தால் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் பார்த்தேன், பிடிபடவில்லை. கம்பெனி புரோகிராமையே பயன்படுத்துங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் அக்கா போன் வந்தது. மறுபடியும் என்னவோ என்று எடுத்தேன்.

"நெட்டுக்காரங்க வந்து ரவுட்டரயே மாத்திட்டாங்க தம்பி. பிரிண்டர் ஆஃப்லைன்னு வந்துச்சு. அட்டையப் பாத்து நானே உள்ள போய்ப் போட்டுட்டேன், இப்ப வருது. கடைசி நம்பர் 50 தானே?"

"50 தாங்கக்கா."

"சரி, வைக்கிறேன். கடைல கூட்டமா இருக்கு."